குதிரைத் திறன் கூடினால் தண்ணீர் கூடுமா?

(வானொலியில் விவசாயிகளுக்காக ஆற்றிய உரை)



கிராமங்களுக்குப் போகிறபோது விவசாயிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், இப்ப இருக்கிற அஞ்சு எச்.பி. மோட்டாரை எடுத்துட்டுப் பத்து எச்.பி. போடலாம்னு இருக்கேன். தண்ணி கூட வருமா?" என்பார்கள். வரும் அல்லது வராது என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. கிணற்றைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். கிணறு பேசுமா என்று கேட்காதீர்கள். கணக்குப் போட்டால் பேசும்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். மூட்டைக்கு இவ்வளவு என்று நெல்லுக்கு விலை பேசத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமே அல்ல. விசை, தூரம், வேலை, காலம், திறன் என்று ஐந்து சொற்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிற சொற்கள்தான். இந்த ஐந்துக்கும் உள்ள உறவு புரிந்துவிட்டால், மோட்டார் வாங்கும்போது யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. நாமும் நம்மை ஏமாற்றிக்கொள்ள மாட்டோம்.

விசையும் வேலையும்

இழுப்பது, தள்ளுவது, தூக்குவது எல்லாமே விசைதான். ஏரை மாடு இழுக்கிறது, அது விசை. மூட்டையைத் தூக்குகிறோம், அதுவும் விசை.

ஆனால் விசை மட்டும் இருந்தால் வேலை நடந்ததாகிவிடாது. பெரிய பாறாங்கல் ஒன்றை நாலு பேர் சேர்ந்து காலையிலிருந்து மத்தியானம் வரை தள்ளுகிறார்கள். கல் அசையவே இல்லை. உடம்பெல்லாம் வேர்வை. ஆனால் விஞ்ஞானக் கணக்கில் அந்தக் கல்லின்மேல் நடந்த வேலை பூஜ்யம். விசை கொடுத்த பொருள் அந்த விசையின் திசையில் நகர்ந்தால்தான் வேலை. விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் வேலையின் அளவு. இதைக் கேட்டுவிட்டு அந்த நாலு பேருக்கும் கூலி கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்! கூலிக் கணக்கு வேறு, விஞ்ஞானக் கணக்கு வேறு.

இன்னொரு உதாரணம் பாருங்கள். 200 கிலோ எடையுள்ள டீசல் பீப்பாய் ஒன்றை 1 மீட்டர் உயரமுள்ள வண்டியில் ஏற்ற வேண்டும். நேராகத் தூக்கினால் 200 கிலோ எடையையும் தாங்கியாக வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? 4 மீட்டர் நீளமுள்ள பலகையைச் சாய்த்துவைத்து உருட்டி ஏற்றுகிறோம். இப்போது 50 கிலோ அளவுக்குத் தள்ளினால் போதும். விசை நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் தூரம்? 1 மீட்டராக இருந்தது 4 மீட்டர் ஆகிவிட்டது. 200-ஐ 1-ஆல் பெருக்கினாலும் 200. 50-ஐ 4-ஆல் பெருக்கினாலும் 200. வேலை குறையவில்லை. உராய்வையும் சேர்த்தால் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

கடப்பாரை, கப்பி, பலகை எல்லாம் இப்படித்தான். விசையைக் குறைத்துக் கொடுக்கும், தூரத்தில் வாங்கிக்கொள்ளும். வேலையைக் குறைத்துக் கொடுக்கிற கருவி உலகத்தில் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மோட்டார் கடைக்குப் போகும்போது உதவும்.

தண்ணீர் தூக்கும் வேலை

இனி நம் கிணற்றடிக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை இருக்கும். ஒரு லிட்டரை ஒரு மீட்டர் உயரம் தூக்குகிற வேலையை ஒரு 'லிட்டர்-மீட்டர்' என்று நமக்குள் வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் இதை 9.8 ஜூல் என்று எழுதியிருப்பார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் என்ற விஞ்ஞானியின் பெயர் அது. கீழே இறங்குகிற எடையைக் கொண்டு தண்ணீரைக் கலக்கி, செலவான வேலை சூடாக மாறுகிறது என்பதை 1840-களில் அளந்து காட்டியவர் அவர். மோட்டார் ஓடும்போது தொட்டால் சுடுகிறதே, அது என்ன? தண்ணீரைத் தூக்கப் போகாமல் வழியில் வீணான வேலைதான் அப்படிச் சூடாக வெளியே வருகிறது.

கிணற்றில் 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது. 15 லிட்டர் வாளியில் ஒரு வாளி சேந்தினால் 15-ஐப் பத்தால் பெருக்கி 150 லிட்டர்-மீட்டர் வேலை. அதே வாளியை 20 மீட்டர் ஆழத்திலிருந்து சேந்தினால் 300. ஆழம் இரண்டு மடங்கானால் வேலையும் இரண்டு மடங்கு. வீட்டில் தண்ணீர் சேந்துகிற பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க அவர்கள் தோள்பட்டைக்கே தெரியும்.

கமலை சொல்லும் பாடம்

இங்கே காலம் வருகிறது. கமலை ஓட்டிய பெரியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். கொங்குப் பக்கம் இதைக் கவலை என்பார்கள். 100 லிட்டர் பிடிக்கிற சால், 10 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சால் மேலே வந்தால் 1,000 லிட்டர்-மீட்டர் வேலை. மாடுகள் சரிவில் இறங்கிச் சாலை மேலே கொண்டுவர 15 வினாடி ஆகிறது என்றால், ஒரு வினாடிக்குச் சுமார் 67 லிட்டர்-மீட்டர் வேலை நடக்கிறது.

இப்படி ஒரு வினாடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதற்குத்தான் திறன் என்று பெயர். வேலையைக் காலத்தால் வகுத்தால் திறன்.

ஆனால் கமலையில் இழுக்கிற நேரம் மட்டுமா உண்டு? தண்ணீர் கொட்ட வேண்டும், மாடு பின்னால் ஏற வேண்டும், சால் திரும்ப முங்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு சாலுக்கு 40 வினாடி என்றால், சராசரி திறன் வினாடிக்கு 25 லிட்டர்-மீட்டர்தான். அதே மாடு, அதே சால். காலம் கூடியதால் திறன் இறங்கிவிட்டது.

கமலையில் மாடு ஏன் சரிவில் இறங்குகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இறங்கும்போது மாட்டின் உடல் எடையும் சேர்ந்து வடத்தை இழுக்கிறது. நம் முன்னோர்கள் கண்ட நல்ல யுக்தி. ஆனால் அதுவும் ஓசியில் கிடைத்ததல்ல. திரும்பி மேலே ஏறும்போது மாடு தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு ஏற வேண்டுமே! இறங்கும்போது வாங்கிய கடனை ஏறும்போது அடைக்கிறது. வேலைக் கணக்கில் தள்ளுபடியே கிடையாது.

குதிரை எங்கிருந்து வந்தது?

நம் ஊரில் தண்ணீர் இறைத்தது மாடு. மோட்டாருக்கு மட்டும் ஏன் குதிரைத் திறன் என்கிறோம்? அதற்கும் ஒரு கதை உண்டு. அதுவும் தண்ணீர் இறைக்கிற கதைதான்.

இங்கிலாந்தில் சுரங்கங்களுக்குள் தண்ணீர் ஊறி வேலையைக் கெடுத்தது. குதிரைகளைக் கட்டி இறைத்தார்கள். பிறகு நீராவி எஞ்சின் வந்தது. ஜேம்ஸ் வாட் என்பவர் அந்த எஞ்சினைத் திருத்தி, குறைந்த நிலக்கரியில் ஓடும்படி செய்து 1769-இல் காப்புரிமை பெற்றார். எஞ்சின் வாங்க வருகிறவர் என்ன கேட்பார்? "இது எத்தனை குதிரை வேலை பார்க்கும்?" என்றுதானே கேட்பார்! அதற்குப் பதில் சொல்லத்தான் வாட் ஒரு குதிரையின் திறனைக் கணக்கிட்டார். ஆலையைச் சுற்றி நடக்கிற குதிரையின் இழுப்பையும், நிமிடத்துக்கு அது நடக்கிற தூரத்தையும் பெருக்கினார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்குவது ஒரு குதிரைத் திறன் என்று வைத்தார். நம் கணக்கில் அது வினாடிக்குச் சுமார் 76 லிட்டர்-மீட்டர். பெருக்க வகுக்கச் சுலபமாக 75 என்றே வைத்துக்கொள்ளலாம். மின்சாரக் கணக்கில் ஒரு குதிரைத் திறன் 746 வாட். அந்த வாட் என்ற சொல்லும் அவர் பெயர்தான்.

ஒரு ஜோடி உழவு மாடு தொடர்ந்து இழுக்கும்போது ஏறக்குறைய ஒரு குதிரைத் திறன் கொடுக்கும். நல்ல உடல்வாகுள்ள ஆள் ஒருவர் தொடர்ந்து வேலை செய்தால் பத்தில் ஒரு பங்கு குதிரைத் திறன். ஆக 5 எச்.பி. மோட்டார் என்பது ஐந்து ஏர் மாடுகளை ஒரே நேரத்தில் பூட்டியது போல.

டிராக்டர் ஓட்டுகிறவர்கள் இதை இன்னொரு விதமாகப் பார்த்திருப்பார்கள். எஞ்சினின் திறன் ஒன்றுதான். முதல் கியரில் போட்டால் மெதுவாகப் போகும், ஆனால் இழுவை பலமாக இருக்கும். மேல் கியரில் போட்டால் வேகம் கூடும், இழுவை குறையும். சேற்றில் மாட்டிக்கொண்ட டிராக்டரை மேல் கியரில் யாராவது எடுப்பார்களா? விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது திறன். ஒன்றைக் கூட்டினால் மற்றது இறங்கும்.

ஓர் ஏக்கருக்கு எவ்வளவு வேலை?

இனி முக்கியமான கணக்கு. ஓர் ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட வேண்டும். அதற்குச் சுமார் 2 லட்சம் லிட்டர் தேவை. கிணற்றில் நீர்மட்டம் முதல் தண்ணீர் விழுகிற குழாய் வாய் வரை, குழாயின் உராய்வையும் சேர்த்து, மொத்த உயரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேலை எவ்வளவு? 2 லட்சத்தை இருபதால் பெருக்கினால் 40 லட்சம் லிட்டர்-மீட்டர். இது உங்கள் நிலமும் உங்கள் கிணறும் சேர்ந்து நிர்ணயிக்கிற வேலை. எந்தக் கம்பெனி மோட்டார் வாங்கினாலும் இந்த 40 லட்சத்தில் ஒன்றுகூடக் குறையாது.

மோட்டாரின் முழுத் திறனும் தண்ணீருக்குப் போய்ச் சேர்வதில்லை. பம்பில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு குதிரைத் திறனுக்குக் கையில் கிடைப்பது முப்பத்தேழரை லிட்டர்-மீட்டர். இதை வைத்து மூன்று மோட்டார்களைப் பார்ப்போம்.

3 எச்.பி. மோட்டார் 20 மீட்டர் உயரத்துக்கு வினாடிக்கு ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேல் தூக்கும். ஓர் ஏக்கர் பாய ஏறக்குறைய 10 மணி நேரம்.

5 எச்.பி. மோட்டார் வினாடிக்கு 9 லிட்டருக்குச் சற்று மேல் தூக்கும். ஏறக்குறைய 6 மணி நேரம்.

10 எச்.பி. மோட்டார் வினாடிக்கு 18 லிட்டருக்கு மேல் தூக்கும். ஏறக்குறைய 3 மணி நேரம்.

இப்போது 3-ஐப் பத்தால் பெருக்குங்கள், 30. 5-ஐ ஆறால் பெருக்குங்கள், 30. 10-ஐ மூன்றால் பெருக்குங்கள், அதுவும் 30! மூன்று மோட்டாரும் கொடுத்தது ஒரே 30 குதிரைத் திறன்-மணி. மின்சாரமாகச் சொன்னால் 22 யூனிட்டுக்குச் சற்று மேல். மோட்டாருக்குள்ளே ஆகிற நஷ்டத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆக, பெரிய மோட்டார் வேலையைக் குறைக்கவில்லை, தண்ணீரையும் உண்டாக்கவில்லை. நேரத்தை மட்டும்தான் குறைத்தது. குதிரைத் திறன் என்பது அவசரத்தின் அளவே தவிர, தண்ணீரின் அளவு அல்ல.

கிணற்றைக் கேளுங்கள்

அப்படியானால் அவசரம் எவ்வளவு வேண்டும்? அதைச் சொல்ல வேண்டியது கிணற்றின் ஊற்று. ஊற்றை அளப்பது மிகச் சுலபம். கோடைக்காலத்தில் அளந்து பாருங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

மோட்டாரை ஓட்டி, நீர்மட்டம் நன்றாக இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் குறியுங்கள். 6 மீட்டருக்கு 6 மீட்டர் உள்ள சதுரக் கிணற்றில் ஒரு மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறை ஆறால் பெருக்கினால் 36. அதை 0.3-ஆல் பெருக்கினால் 10.8. அதாவது 10.8 கன மீட்டர், 10,800 லிட்டர். 3,600 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 3 லிட்டர் ஊற்று. வட்டக் கிணறாக இருந்தால் 6-ஐ 6-ஆல் பெருக்குவதற்குப் பதிலாக, ஆரத்தை ஆரத்தால் பெருக்கி அதை 3.14-ஆல் பெருக்குங்கள்.

வினாடிக்கு 3 லிட்டர் என்றால் 24 மணி நேரத்தில் 2,59,200 லிட்டர். கிணறு நிறைய நிறைய ஊற்று மந்தமாகும் என்பதால் இது உச்சக் கணக்கு. 3 எச்.பி. போட்டாலும் சரி, 30 எச்.பி. போட்டாலும் சரி, இந்தக் கிணறு ஒரு நாளில் இதற்குமேல் தராது. மாட்டின் மடியில் இருக்கிற பாலைத்தானே கறக்க முடியும்? கறக்கிறவர் பலசாலி என்பதற்காகப் பால் கூடுமா?

இந்தக் கிணற்றுக்கு எந்த மோட்டார் போடலாம்? மும்முனை மின்சாரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்து ஊற்றை 8 மணி நேரத்தில் இறைக்க வேண்டும். வினாடிக்கு 9 லிட்டர். ஒன்பதை 20 மீட்டரால் பெருக்கி, முப்பத்தேழரையால் வகுத்தால் 4.8 வருகிறது. 5 எச்.பி. சரியாகப் போதும். பத்து போட்டால் நாலு மணி நேரத்திலேயே கிணறு காலி. மீதி நாலு மணி நேரம் மோட்டார் சும்மா கிடக்கும், அல்லது அதைவிட மோசமாக, தண்ணீர் இல்லாமல் ஓடும்.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். புட்வால்வு வெளியே தெரியும், காற்றை இழுக்கும், பம்பு சூடேறும். நீர்மூழ்கி மோட்டாருக்கோ சுற்றியிருக்கிற தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாவிட்டால் காயில் கருகிவிடும். காயில் கட்டுகிற செலவு, ஆள் கூலி, அதற்குள் பயிர் வாடுகிற நஷ்டம் எல்லாம் யார் தலையில் விழும்?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மேலத்தோட்டத்துக்காரர் பத்து எச்.பி. போட்டார் என்று கீழத்தோட்டத்துக்காரரும் போடுகிறார். இரண்டு கிணற்றுக்கும் பூமிக்கடியில் ஊற்று ஒன்றுதான். யார் முந்தி இழுப்பது என்ற போட்டியில் நீர்மட்டம் இரண்டு பேருக்கும் சேர்ந்தே இறங்குகிறது. பிறகு பக்கத்துளை, அதன்பிறகு ஆழ்துளைக் கிணறு. ஒவ்வொன்றுக்கும் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஆழம் கூடினால் வேலை கூடும் என்று முன்னே பார்த்தோம் அல்லவா? 20 மீட்டரில் 40 லட்சம் லிட்டர்-மீட்டராக இருந்த அதே ஓர் ஏக்கர் பாசனம், 100 மீட்டருக்குப் போனால் 2 கோடி ஆகிறது. ஐந்து மடங்கு. அதே பயிர், அதே தண்ணீர், விளைச்சலிலும் ஒரு மூட்டை கூடாது. ஆனால் 22 யூனிட்டில் முடிந்த பாசனத்துக்கு 110 யூனிட்டுக்கு மேல் போகிறது.

பெரிய மோட்டாரே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊற்று வினாடிக்கு 6 லிட்டர், 7 லிட்டர் என்று தாராளமாக இருந்து, மின்சாரம் கிடைக்கிற நேரம் போதாமல் பயிர் வாடுகிறது என்றால், அங்கே குறைவது தண்ணீர் அல்ல, நேரம். அங்கே பெரிய மோட்டார் சரியான மருந்து. உங்களுக்கு இருப்பது எந்தக் குறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவு என்றால் குதிரைத் திறனைக் கூட்டலாம். தண்ணீர் குறைவு என்றால் குதிரைத் திறன் கைகொடுக்காது.

வீணாகும் வேலையைத் தடுப்பது எப்படி?

"மின்சாரம் இலவசம்தானே, எத்தனை யூனிட் போனா என்ன?" என்று சிலர் கேட்கலாம். டீசல் எஞ்சின் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு குதிரைத் திறன்-மணிக்குச் சுமார் கால் லிட்டர் டீசல் குடிக்கும். 30 குதிரைத் திறன்-மணிக்கு ஏழரை லிட்டர். சோலார் பம்பு வைத்திருப்பவருக்கோ வெயில் இருக்கிற நேரம்தான் முதல். மின்மோட்டார்காரர்களுக்கும் மின்சாரம் வருகிற நேரம் அளவோடுதான். வேலை வீணானால் அந்த நேரத்தில் வருகிற தண்ணீர் குறையும். ஆகவே நாலு காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, குழாய் வாய். சிலர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று குழாயைத் தொட்டிக்கு மேலே 2 மீட்டர் உயர்த்தித் தண்ணீரைக் கொட்ட விடுகிறார்கள். 20 மீட்டர் தூக்க வேண்டிய தண்ணீரை 22 மீட்டர் தூக்கிக் கீழே போடுகிறோம். வேலை நூற்றுக்குப் பத்து வீண். குழாய் வாயைத் தொட்டியின் மட்டத்துக்கே தாழ்த்தி வையுங்கள். காசு செலவில்லாத காரியம்.

இரண்டாவது, குழாயின் அகலம். தண்ணீர் குழாய்க்குள் உராய்கிறபோது, கிணறு அந்த அளவுக்கு ஆழமானது போலவே மோட்டாருக்குத் தெரியும். அதே அளவு தண்ணீரை 3 அங்குலக் குழாய்க்குப் பதில் 4 அங்குலக் குழாயில் விட்டால், உராய்வு நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். தேவையில்லாத வளைவுகளையும் குறையுங்கள். புட்வால்வில் தண்ணீர் தாராளமாக நுழைய வழி இருக்கட்டும். பாசி, குப்பை அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

மூன்றாவது, பம்பு இருக்கிற மட்டம். கரையில் வைக்கிற பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் காற்று மண்டலத்தின் அழுத்தம்தான் தண்ணீரைக் கீழேயிருந்து மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குமேல் தள்ளாது. நடைமுறையில் 6, 7 மீட்டரோடு நின்றுவிடும். நீர்மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் 20 எச்.பி. போட்டாலும் மேலே ஏறாது. பம்பைத்தான் கிணற்றுக்குள் இறக்கி வைக்க வேண்டும், அல்லது நீர்மூழ்கிப் பம்புக்கு மாற வேண்டும்.

நாலாவது, வாய்க்கால். தூக்கிய தண்ணீரில் கால் பங்கு மண் வாய்க்காலிலேயே சுவறிப் போனால், மோட்டார் செய்த வேலையிலும் கால் பங்கு அங்கேயே போய்விட்டது. குழாய் பதித்துக் கொண்டுபோனால் அது மிச்சம். தோட்டப் பயிருக்குச் சொட்டுநீர் அமைத்தால், தூக்க வேண்டிய தண்ணீரே குறைகிறது. நெல்லிலும் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை. கட்டிய தண்ணீர் மறைந்த மறுநாள் அடுத்த தண்ணீர் கட்டினால் போதும். தூக்காமல் விட்ட ஒவ்வொரு லிட்டரும் உங்கள் கிணற்றிலேயே பத்திரமாக இருக்கும்.

உங்கள் பம்பு இப்போது எவ்வளவு தருகிறது என்று பார்க்க வேண்டுமா? 200 லிட்டர் பீப்பாயைக் குழாய் வாயில் வைத்து, நிரம்புகிற நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 20 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 10 லிட்டர். அதை மொத்த உயரத்தால் பெருக்கி, 75-ஆல் வகுங்கள். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த குதிரைத் திறன் தெரிந்துவிடும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ளதில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், வேறு மோட்டார் தேடுவதற்கு முன்னால் இந்தப் பம்பையும் குழாயையும் பழுதுபாருங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. கோவை மாவட்டக் கிணறுகளுக்கு மின்மோட்டார் பரவியது 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான். மலையிலிருந்து தண்ணீர் கீழே விழுந்து செய்த வேலை, கம்பி வழியாக வந்து சமவெளியில் தண்ணீரை மேலே தூக்கியது. எங்கோ ஒரு தண்ணீர் இறங்கினால்தான் இங்கே ஒரு தண்ணீர் ஏறும். நிலக்கரி எரிந்தாலும், டீசல் எரிந்தாலும், வெயில் காய்ந்தாலும் இந்த நியாயம் மாறாது. வேலை சும்மா வருவதில்லை.

ஆகவே விவசாயப் பெருமக்களே, பெரிய மோட்டாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கடிகாரம் இவற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் அந்த நோட்டோடு உங்கள் வட்டாரத்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால், எத்தனை குதிரைகள் வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.